பதினைந்து அடி பின்னால்

இன்றைக்கும் அந்த ஆள் அவள் பின்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கினான்.

நிரஞ்சலா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். இதோடு மூன்றாம் நாள்.

பதுளைக் கடைவீதியில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் அவளுக்கு வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு ரோட்டு முடக்கில் இறங்கி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் கால் மணி நேரம் நடந்தால்தான் அவள் குடியிருக்கும் தோட்டத்து லயம் வரும். அந்தப் பாதையில் இந்த மாதம் மட்டும் இரண்டு பெண்களின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியிருந்தார்கள்.

நல்ல உயரம். கறுப்பு ஜெக்கெட். பதினைந்து அடி தள்ளியே வந்தான். கிட்ட நெருங்கவுமில்லை, விலகிப் போகவுமில்லை.

அவள் எட்டி நடை போட்டாள். அவனும் எட்டி நடை போட்டான். செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து நின்றாள். அவனும் நின்றுவிட்டான்.

"நீங்க முன்னால போங்க," என்றாள்.

"பரவாயில்ல, நீங்க போங்க."

அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பனி இறங்கி லயத்து விளக்குகளையும் மறைத்துவிட்டது.

அந்தப் பாதையால் வரும் பெண்களுக்கெல்லாம் தோட்டத்துப் பாதுகாப்புக் குழு ஆளுக்கொரு விசில் கொடுத்திருந்தது. ஊதினால் உடனே வருவோம் என்று தலைவர் ஞானசீலன் சொல்லியிருந்தார். யாரோ நல்ல மனுசனாக இருந்துவிட்டால் என்று இரண்டு நாளாகத் தயங்கினாள். இன்று தயங்கவில்லை. மூச்சைக் கட்டி ஊதினாள்.

விசில் சத்தம் கேட்டு அவன் தப்பி ஓடவில்லை. அவளை நோக்கித்தான் ஓடி வந்தான்.

நிரஞ்சலா அலறிவிட்டாள்.

மேலேயிருந்து டோர்ச் வெளிச்சமும் தடிகளுமாகப் பத்துப் பேர் இறங்கி வந்தார்கள். ஞானசீலன் பாய்ந்து அவன் ஜெக்கெட்டைக் கொத்தாகப் பிடித்தார். பொலிசுக்குக் கொடுக்குமுன் நாலு போடு போடவேண்டும் என்றார் ஒருவர்.

விசாரித்தபோது பெயர் சின்னராசா என்றான். மனைவியின் ஊர் இதே தோட்டத்து மேல் டிவிசனாம். போன மாதம்தான் அங்கே குடிவந்தானாம். பதுளையில் ஒரு நகைக்கடையில் செக்யூரிட்டி வேலையாம். அடையாள அட்டையையும் எடுத்துக் காட்டினான்.

"செக்யூரிட்டிக்காரனுக்கு மூணு நாளா பொம்பளப் புள்ள பின்னால என்னய்யா வேல?" என்று உலுக்கினார் ஞானசீலன்.

டோர்ச் வெளிச்சத்தில் அவன் புருவத்துக்கு மேலே புதிதாய்ப் போட்ட தையல் தெரிந்தது. ஏறிட்டுப் பார்க்க வெட்கப்பட்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"போன கிழம இந்த எடத்துலதாங்க என்னைய அடிச்சுப் போட்டுட்டு கையில இருந்த போனைப் பறிச்சிக்கிட்டுப் போனானுக. அன்னையிலருந்து தனியா வரப் பயமா இருக்குங்க. இந்தத் தங்கச்சி முன்னால போற தைரியத்துலதான் நான் வீடு போய்ச் சேர்றேன்."