எண்பதாம் எண் வாசல்

பொற்கொடியின் மடிக்கணினிக்குள் இணையப் பக்கம் காட்டும் சர்வர் ஒன்று இருந்தது. அவள் பட்டனைத் தட்டியதும் அது தன் வேலையிடமான எண்பதாம் எண் வாசலுக்கு மிடுக்காக ஓடியது. அங்கே ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்தத் திருட்டுப்பயல் என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான்?" என்று எகிறியது.

"நீங்களேதான் ஐயா," என்றது வாசல். "காலையில் ஓடவிட்ட உங்களை நிறுத்த மறந்து, பொற்கொடியம்மா இப்போது உங்களையே இன்னொரு முறை ஓடவிட்டிருக்கிறார். வேலை நன்றாகத்தான் நடக்கிறது."

"என்னிடமே கதை விடுகிறாயா? அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளு!"

வாசல் தள்ளியது. சர்வர் ஜம்மென்று உட்கார்ந்தது. மீசை இருந்திருந்தால் முறுக்கியிருக்கும்.

"இனிமேல் எவன் வந்தாலும் உள்ளே விடாதே!"

"சரி ஐயா," என்றது வாசல். "காலையிலும் இதையேதான் சொன்னீர்கள்."