தானாக நகர்ந்த அம்பு

ஜெசிந்தா மேரி மவுசைத் தொடவே இல்லை. ஆனாலும் திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

மார்க் ஷீட்டை ஸ்கேனரில் வைத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் இப்போதுதான் நிரப்பி முடித்த நர்சிங் அட்மிஷன் ஃபாரம், கண்ணுக்குத் தெரியாத ஆள் உட்கார்ந்து உருட்டுவதுபோல மேலே போனது. முகவரி இருக்கும் இடத்தில் நின்றது. அங்கே ஒரு பெட்டி தானாகத் திறந்துகொண்டது.

"மாதாவே!"

அலறிக்கொண்டே நெட் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

"இன்னாக்கா ஆச்சி?" எதிரே உட்கார்ந்திருந்த உஷாராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் அவள் அம்மா ராமாயி. கரியமாணிக்கத்திலிருந்து வில்லியனூரில் இருக்கும் ஜெசிந்தாவின் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஃபாரம் போட வந்தவர்கள். இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு வெப்சைட்டை மூடிவிடுவார்கள். மணி நாலு நாற்பது.

"எவனோ எங்கியோ குந்திக்கினு நம்ம கம்ப்யூட்டர ஓட்றான்டி. உன் ஃபாரத்துல கைய வெச்சிட்டான்!"

"ஐயோ, எம் பொண்ணு சீட்டு போச்சா?" ராமாயி வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

எவனோ என்று சொன்னாளே தவிர, எவன் என்று ஜெசிந்தாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. மணவாளன்! போன வருஷ அட்மிஷன் முடிந்த கையோடு வேலை கேட்டு வந்து சேர்ந்தவன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு ஆப் போட்டு வைத்திருந்தான். அது இருந்தால் போதும், அவன் ஃபோனிலிருந்தே இங்கே பிரவுசரைத் திறக்கலாம், மூடலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

பத்து நாள் முன்பு, கஸ்டமர் எதிரிலேயே, "அக்கா, நீங்க போட்டது தப்பு" என்று ஆரம்பித்தான். எது தப்பு என்றுகூட அவள் கேட்கவில்லை. பதினைந்து வருஷமாக சென்டர் நடத்துகிறவளுக்கு நேற்று வந்தவன் பாடம் எடுப்பதா? நாளையிலிருந்து வராதே என்று அனுப்பிவிட்டாள். ஆளைத் துரத்தத் தெரிந்தவளுக்கு அந்த ஆப்பை எடுக்கத் தெரியவில்லை.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். நாலு பேர் கேட்கட்டும்.

"டேய் மணவாளா, நீதான?"



"ஆமாங்க்கா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்று சாதிப்பான், கிழிகிழி என்று கிழிக்கலாம் என்றிருந்தாள்.

"எத்தினி நாளா?"

"நீங்க வராதன்னு சொன்ன நாள்லேர்ந்து. தப்புதான்க்கா. போலீசுக்குப் போறதுன்னா போங்க. மொதல்ல வயர சொருவுங்க, டைம் இல்ல."

"சொருவுவேன்டா, நீ மிச்சத்தையும் கெடுக்கறதுக்கு! உன் தங்கச்சி வெண்ணிலாவுக்குப் போன வருஷம் சீட்டு கெடைக்கல, திருவாண்டார்கோயில் கம்பெனிக்கு ஷிப்டு போறா. அந்த வயித்தெரிச்சல ஊர்ப் பொண்ணுங்க மேல காட்றியா?"

நல்லாக் கேட்டோம் என்று ஜெசிந்தாவுக்கு ஒரு திருப்தி.

அதற்குள் உஷாராணி திரைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தாள்.

"அக்கா, இன்னா இது? மாநிலம் தமிழ்நாடுன்னு கீது?"

"பின்கோடு அடிச்சா அது தானா வருதுடி."

"நாங்க பாண்டிக்கா!"

ஜெசிந்தா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு ஊர் பாண்டி என்றால் அடுத்த ஊர் தமிழ்நாட்டு விழுப்புரம். பின்கோடோ எல்லாம் ஒரே மாதிரி. ஃபாரம் அதுபாட்டுக்குத் தமிழ்நாடு என்று எடுத்துக்கொண்டிருந்தது. வெளி மாநிலம் என்று ஆகிவிட்டால் பாண்டிப் பிள்ளைகளுக்கு உள்ள சீட்டு கிடைக்காது. எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் கிடைக்காது.

அம்பு திறந்த அந்தப் பெட்டியை அவள் ஒருநாளும் திறந்ததே இல்லையே! அப்படியானால் இத்தனை நாள் போட்டதெல்லாம்?

ஃபைலை இழுத்துப் புரட்டினாள். இந்தப் பத்து நாளில் போட்ட அறுபது ஃபாரத்தின் நகலும் அதில் இருந்தது. பாகூர்ப் பெண். மாநிலம் புதுச்சேரி. நெட்டப்பாக்கம் பையன். புதுச்சேரி. திருபுவனைப் பெண். புதுச்சேரி. ஒன்றில்கூடத் தமிழ்நாடு இல்லை. ஒன்றைக்கூட அவள் மாற்றவும் இல்லை.

"அஞ்சாவ எட்டு நிமிஷம்தான் கீதுக்கா," என்றான் மணவாளன்.

ஓடிப்போய் வயரைச் சொருகினாள். மவுசிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அம்பு வந்தது, பெட்டியைத் திறந்தது, புதுச்சேரி என்று மாற்றிவிட்டு ஒதுங்கி நின்றது.

"இப்ப மார்க் ஷீட்ட ஏத்தி சப்மிட் குடுங்கக்கா."

கொடுத்தாள். நாலு ஐம்பத்தேழுக்கு ஃபாரம் போய்ச் சேர்ந்தது. ராமாயி ஃபோனைப் பார்த்தே கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜெசிந்தாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வாய் அடங்கவில்லை.

"இத எங்கிட்ட நேரா சொல்லித் தொலைக்கக் கூடாதாடா?"

"சொல்ல வந்தப்பதான வராதன்னுட்டீங்க."

"அதோட வுட்டுட்டு உன் வேலயப் பாத்துக்கினு போறதுதான? ஊர்ப் பொண்ணுங்க ஃபாரத்துக்கு உனுக்கு இன்னாடா இவ்ளோ அக்கற?"



"போன வருஷம் வெண்ணிலாவுக்கு ஃபாரம் போட்டது நீங்கதான்க்கா."