ஓக் மரத்தின் முதுகு

ஓக் மரத்துக்குள் நின்றிருந்த ஐயப்பனுக்கு முதுகு அரித்தது.

அரிப்பென்றால் சாதாரண அரிப்பில்லை. இடது தோள்பட்டைக்குக் கீழே, சொந்தக் கை எட்டாத அந்த ஒரே இடத்தில், உயிரை வாங்கும் அரிப்பு. எட்டினாலும் பயனில்லை. அவனுடைய இரண்டு கைகளும் கிளைகளுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன.

துபாயில் ஒரு பெரிய மாலின் மேல்தளத்தில் இங்கிலாந்து கிராமத்துக் காடு ஒன்றை அப்படியே செய்து வைத்திருந்தார்கள். சின்னக் காடுதான். டிக்கெட் எடுத்தால் ஒரு சுற்று சுற்றி வரலாம். குளிர்காற்று உண்டு, ஓடைச் சத்தம் உண்டு, மோட்டாரில் தலையாட்டும் அணில் உண்டு. மேலே மின்விசிறி சுழன்றால் பழுத்த இலைகள் உதிரும். எல்லாம் துணி இலை. கடை சாத்தியதும் கூட்டி அள்ளி மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள்.

மரங்கள் எல்லாம் ஃபைபர். ஒன்று மட்டும் ஐயப்பன்.

ஆட்கள் பக்கத்தில் வந்தால் கிளையைத் தாழ்த்தி வணங்க வேண்டும். பேசக் கூடாது, தும்மக் கூடாது. மரம் பேசினால் பிள்ளைகள் பயந்துவிடும் என்று சூப்பர்வைசர் சேதுமாதவன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

கம்பி கட்டும் வேலைக்கு வந்தவன் அவன். சைட் மூடியதும் கம்பெனி இங்கே தள்ளிவிட்டது. ஆள் நல்ல உயரம், அதுதான் வினையாகப் போயிற்று. மனைவி ஜோதிமணியிடம் மட்டும், மாலில் சூப்பர்வைசர் வேலை என்று சொல்லி வைத்திருந்தான். மரமாக நிற்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

அவள் விசிட் விசாவில் வந்து ஒரு வாரமாகிறது. லீவில் ஊருக்குப் போன நண்பனின் அல் குசைஸ் அறையில் குடித்தனம். தினமும் அவள்தான் முதுகு சொறிந்துவிட்டாள். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருந்தான்.

பட்டையில் கண்ணுக்கு நேராக ஒரு பொந்து வைத்து வலை அடித்திருந்தார்கள். அந்தப் பொந்து வழியே, ஓடை மேல் போட்டிருந்த சின்னப் பாலத்தைத் தாண்டி ஜோதிமணி வருவதை இப்போது பார்த்தான்.

கூடவே அவளுடைய அண்ணன் மணிகண்டன்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் கராஜ் வைத்திருக்கும் மணிகண்டனுக்கு இந்தச் சம்பந்தமே ஆரம்பத்திலிருந்து பிடிக்காது. அவன் காதில் ஒன்று விழுந்தால் தாராபுரம் முழுக்கத் தெரிந்துவிடும். தங்கச்சியை மரத்துக்குக் கட்டிக்கொடுத்தோம் என்று அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஊரில் அவள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

ஓடிவிடலாமென்றால் வேர் போலச் செய்த பீடத்தைத் தரையோடு வைத்து முடுக்கியிருந்தார்கள்.

இருக்கிற மரங்களையெல்லாம் விட்டுவிட்டு அவர்கள் நேராக அவனிடமே வந்தார்கள். மணிகண்டன் கார் பானட்டைத் தட்டுவதுபோல அடிமரத்தைத் தட்டிப் பார்த்தான். நெஞ்சில் விழுந்தது அடி.

"உன்ர வூட்டுக்காரருக்கு இதையெல்லாம் கூட்டிட்டு வந்து காட்ட நேரமிருக்குதா பாரு. பெரிய சூப்பர்வைசர்."

தூரத்தில் சேதுமாதவன் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லை. எந்த மச்சினன் முன்னால் தலை குனிவதில்லை என்று கல்யாண நாளிலிருந்து விறைப்பாக இருந்தானோ, அவனுக்குக் கிளை இரண்டையும் தாழ்த்தி வணக்கம் வைத்தான் ஐயப்பன். மணிகண்டனுக்கு ஒரே பெருமை. கிளைக்கடியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

ஜோதிமணி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தரையிலிருந்து ஒரு இலையை எடுத்தாள். ஆரஞ்சு நிறம், ஓரத்தில் தையல். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மரத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தவளின் கண் பொந்தில் வந்து நின்றது.

ஐயப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தான் பார்க்காவிட்டால் அவளும் பார்க்க மாட்டாள் என்கிற குழந்தைத்தனம்தான். வியர்வை வழிய வழிய அரிப்பு இன்னும் ஏறியது. அவமானம் அதைவிட எரிந்தது.

மணிகண்டனுக்கு கராஜிலிருந்து போன் வந்தது. ஒரு வண்டியை முடித்தாயிற்றா என்று யாரையோ இந்தியில் விரட்டிக்கொண்டே ஓடைப் பக்கம் நகர்ந்தான்.

ஐயப்பன் கண்ணைத் திறந்தபோது எதிரே ஜோதிமணி இல்லை. அண்ணனிடம் சொல்லப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தான். எல்லாம் முடிந்தது.

பின்னால் இலைகள் சரசரத்தன.

மரத்தின் முதுகில், ஆள் நுழைவதற்கு வைத்திருந்த ஜிப் மெல்ல இறங்கியது. குளிர்காற்று உள்ளே வந்தது. அதன்கூடவே, ரகசியம் பேசும் குரலில் அவளும்.

"இந்த எலதானுங்க மாமா தெனமும் உங்க பனியன்ல ஒட்டிட்டு வருது. அண்ணனுக்குத் தெரியாது, பயப்படாதீங்க. இங்கதான அரிக்குது?"

வளையல் போட்ட கை ஒன்று உள்ளே நுழைந்து சொறிய ஆரம்பித்தது.

ஐயப்பனுக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் மரம் பேசக் கூடாது.

கொஞ்சம் இடதுபக்கமாகச் சாய்ந்து கொடுத்தான்.