பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

“பாத்துக்குங்க சார், நல்லாப் பாத்துக்குங்க! எங்கம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுறா!”

ஜீப் நிற்பதற்குள் மகேந்திரன் கத்திவிட்டான். புகார் கொடுத்தவன் அவன்தான். முதியோர் இல்லங்களைச் சோதிக்கிற அதிகாரி சுப்புராஜ், மப்ளரை இறுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

கொடைக்கானல் இன்னும் சரியாக விடியவில்லை. இல்லத்து முற்றத்தில் கிழவிகள் வரிசையாக நின்றார்கள். எதிரே கையில் கம்போடு வார்டன் சண்முகவள்ளி.

“மாரியாயி!”

“வந்துட்டேனுங்க!”

தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை தொங்க, மாரியாயி முன்னால் வந்தாள். எழுபதைத் தாண்டிய உடம்பு.

“வெரசா போ, வெரசா! வேலியோரத்துச் செடியைப் பிடி!”

மாரியாயி போய் மளமளவென்று இலை கிள்ளத் தொடங்கினாள்.

சுப்புராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. சாம்பாரில் தண்ணீர், மெத்தையில் மூட்டைப்பூச்சி, எத்தனையோ இல்லங்களில் பார்த்துவிட்டார். இப்படி ஓர் அக்கிரமத்தைப் பார்த்ததில்லை.

“ஏம்மா, இது இல்லமா, எஸ்டேட்டா?”

சண்முகவள்ளி பதறிப்போய்க் கம்பைக் கீழே போட்டாள். “மெதுவா சார், அவுக காதுல விழுந்துரும். உள்ள வாங்க, சொல்றேன்.”

“என்ன பெரிய ரகசியம்? வயசானவங்ககிட்ட வேலை வாங்கக் கூடாது. மரியாதை இல்லாமப் பேசக் கூடாது. விதி தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சேவா? இன்னையோட இதை நிறுத்தணும். இல்லைன்னா லைசென்ஸ் கிடையாது. பூட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்.”

அதற்குள் மகேந்திரன் ஓடிப்போய் அம்மாவின் கூடையைப் பிடுங்கி வீசினான். “அம்மா, நான் மகேந்திரன்மா. இனிமே நீ ஒண்ணும் செய்ய வேணாம். வா, சாப்பிடு.”

அவன் பேன்ட்டையும் ஷூவையும் பார்த்தவள், பயந்து ஒதுங்கி நின்றாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மகன். அம்மாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று அவனுக்குத் தெரியும். எதை மறந்தாள், எதை மறக்கவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஐயாவுக்கு எங்கே நேரம்?

சாப்பாட்டு அறையில் ஆவி பறக்க இட்லி வைத்தார்கள். மாரியாயி உட்காரவில்லை. சுவரோரம் கைகட்டி நின்றாள்.

“சாப்பிடும்மா” என்றான் மகேந்திரன்.

“கூடையைப் பிடுங்கிட்டீங்களே, கணக்கப்புள்ளை ஐயா.” மாரியாயி அவனைப் பார்த்துக் கெஞ்சினாள். “பெரட்டுல என் பேரை வெட்டிட்டீங்க. வேலை இல்லாதவளுக்குச் சோறு ஏதுங்க? நான் என்ன தப்புங்க செஞ்சேன்?”

சுப்புராஜ் திரும்பிப் பார்த்தார். சண்முகவள்ளி அவரைக் கதவோரம் கூட்டிப்போனாள். மகேந்திரனும் பின்னால் போனான்.

“அவுக வேலை பாத்த சிலோன் தேயிலைத் தோட்டத்துல, விடியக்காலம் கணக்கப்புள்ளை ஆளுகளை வரிசையில நிறுத்திப் பேர் கூப்பிடுவாராம் சார். அதுதான் பெரட்டு. கூப்பிட்டாத்தான் அன்னைக்கு வேலை. நான் இந்த மலையில கவுஞ்சி ஊர்க்காரி, எனக்குப் பூண்டு வெள்ளாமையைத் தவிர என்ன தெரியும்? எல்லாம் அவுக புலம்பித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வந்த புதுசுல ஒரு வாய் சாப்பிடலை. ‘என் பேரைக் கூப்பிடலையே’ன்னு ஒரே அழுகை. சரி, கூப்பிட்டுத்தான் பாப்பமேன்னு கூப்பிட்டேன். அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாக. மத்த பாட்டிமாரும் அவுகளுக்காகத்தான் இந்தக் குளிர்ல எந்திருச்சு வந்து நிக்கிறாக.”

மகேந்திரனுக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்தது.

தோட்டத்து லயத்து வீட்டில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த காலம். அம்மா அவன் கையில் ரொட்டியைத் திணித்துவிட்டு இருட்டோடு ஓடுவாள். கொஞ்ச நேரத்தில் பெரட்டுக்களத்திலிருந்து, “வந்துட்டேனுங்க!” என்ற குரல் பனிக்குள் கேட்கும். அந்தக் குரல் கேட்டதும் அவன் நிம்மதியாக மறுபடி தூங்கிப்போவான். எப்பேர்ப்பட்ட தூக்கம் அது! அப்புறம் ஒரு நாளும் அப்படித் தூங்கியதில்லை.

சுப்புராஜ் சண்முகவள்ளி பக்கம் திரும்பினார். “லைசென்ஸ் எங்கேயும் போயிடாதும்மா. நீ போய்க் கூப்பிடு.”

சண்முகவள்ளி முற்றத்துக்கு ஓடிக் கம்பை எடுத்தாள்.

“குடுங்கக்கா” என்றான் மகேந்திரன். “பேரை வெட்டின கணக்கப்புள்ளை நான்தானே. நான் கூப்பிட்டாத்தான் நம்புவாங்க.”

யாரும் சொல்லாமலே கிழவிகள் மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். வீசிய கூடையை மகேந்திரனே பொறுக்கி வந்து, அம்மா தலையில் கயிற்றை மாட்டிவிட்டான். எதிரே போய் நின்றான். பெற்றவளை எந்தப் பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான்?

“மாரியாயி!”

“வந்துட்டேனுங்க!”

அதே குரல். முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தவள், கிட்டே வந்ததும் குரலைத் தாழ்த்திக் கும்பிட்டாள்.

“எம் மவன் மகேந்திரன் பேரை மட்டும் பெரட்டுல கூப்பிட்டுடாதீங்க, கணக்கப்புள்ளை ஐயா. அவன் தூங்கட்டும். படிக்கிற புள்ளைங்க.”