டாப் கியர் விழாத வேன்

“அக்கா, கியர்பாக்ஸ் காலி. வேற பாக்ஸ் போடுங்க. இல்லேன்னா வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க.”

தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து மெக்கானிக் சொன்ன தீர்ப்பு அது.

வேன்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பானெட்டைக்கூடத் தொறக்காம எப்படிப்பா சொல்ற?”

“எத்தனை வண்டி பாத்திருக்கேன்! சத்தமே சொல்லுதே.”

“சாவியைக் குடு. நானே பாத்துக்கறேன்.”

“ஆட்டோமேட்டிக் வண்டி அக்கா, கியர் தானா மாறுறது. வெளையாட்டில்ல.”

“எனக்கும்தான் வெளையாட்டில்ல.”

அவள் சொன்னது நிஜம். கணவருக்கு டயாலிசிஸ் நடந்த காலத்தில் வாங்கிய வேன் அது, அப்போதே பழசு. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் வேன் ஆஸ்பத்திரிக்குப் போவது நிற்கவில்லை. வாரத்தில் மூன்று நாள், ஐந்து டயாலிசிஸ் நோயாளிகளைக் காலையில் கொண்டுபோய் விடுவாள். மதியம் சாப்பாட்டு இடைவேளையில் தையல் கம்பெனியிலிருந்து ஓடிவந்து, அவர்களை வீட்டில் சேர்ப்பாள். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. வேன்காரம்மா என்று பெயர் வைத்ததே அந்த ஐந்து பேர்தான்.

பத்து நாளாகத்தான் இந்தச் சனியன். டாப் கியர் விழவில்லை. நாற்பதைத் தாண்டினால் இன்ஜின் ஓவென்று அலறுகிறது. டயாலிசிஸ் நாளெல்லாம் மதியம் கம்பெனிக்குத் திரும்ப லேட். “இன்னொரு தடவை லேட்டானா வேலைக்கு வர வேணாம்” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை போனால் வேனுக்கு டீசல் ஏது? வேன் நின்றால், டயாலிசிஸ் முடிந்து தள்ளாடி வருகிற ஐந்து பேரும் இரண்டு பஸ் மாற வேண்டும். விட்டுவிடுவாளா?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தாள்.

வேனைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் சூடேறும்வரை ஓடவிட்டு, ஓடும்போதே கியர் ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தாள். அளவு சரி. ஆயில் நல்ல சிவப்பு. மோந்து பார்த்தாள், தீய்ந்த வாசனை இல்லை.

“அப்போ உள்ளே எதுவும் கருகலை” என்றாள் வேனிடமே.

அடுத்து ஓட்டிப் பார்த்தாள். முதல் கியர், இரண்டு, மூன்று எல்லாம் ஒழுங்காக விழுந்தன. ரிவர்ஸும் சரி. எங்கேயும் வழுக்கவில்லை. டாப் மட்டும்தான் முரண்டு. பாக்ஸே போயிருந்தால் மற்ற கியர் மட்டும் எப்படி ஒழுங்காக விழும்? ‘மாத்து’ என்று கியர்பாக்ஸுக்குச் சொல்லுகிற ஒயரில்தான் கோளாறு இருக்க வேண்டும். டேஷ்போர்டில் அதைக் காட்டும் விளக்கு என்றைக்கோ போய்விட்டது. ஒயரைத்தான் தேடியாக வேண்டும்.

அட்டையை விரித்து வேனுக்கு அடியில் படுத்தாள். கியர்பாக்ஸிலிருந்து கிளம்பிய ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். முதுகு விட்டுப்போனது, முழங்கை சிராய்த்தது. எழுந்து, பானெட்டைத் திறந்து பேட்டரிக்குப் பின்னால் கையை விட்டாள்.

அட!

ஒரு பிளக் கழன்று கிடந்தது. தானாகக் கழன்றதில்லை. இரண்டு முனைக்கும் தூசி போகாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, நூலால் அழகாகக் கட்டியிருந்தது.

மாட்டினாள். ஓட்டினாள். டாப் கியர் ஜம்மென்று விழுந்தது! அந்தக் கையோடு நேராக மெக்கானிக் வீட்டு வாசலுக்கே போனாள்.

“பிளக்கைக் கழட்டிவிட்டுட்டு பாக்ஸா மாத்தச் சொல்ற? நீயெல்லாம் மனுஷனா?”

“ஐயோ அக்கா! நான் பானெட்டையே தொறக்கலைன்னு நீங்கதானே திட்டினீங்க!”

வேன்காரம்மா வேனுக்குத் திரும்பினாள். அப்படியானால் கை வைத்தது யார்?

திங்கள் மதியம். ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மேம்பாலத்தில் ஏறி அழுத்தினாள். ஐம்பது, அறுபது, எழுபது.

“பாத்தீங்களா, வண்டி எப்படிப் பறக்குதுன்னு!”

கண்ணாடியில் பார்த்தாள். ஐந்து பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊசி குத்திய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான டீச்சர், தன் வாயில் துணியை வைத்து அடைத்திருந்தார்.

பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தினாள்.

“என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்?”

ஐந்து பேரில் ஒருவரான ரிட்டயர்டு எலக்ட்ரீஷியன்தான் மெல்லக் கையைத் தூக்கினார்.

“என்னைத் திட்டும்மா. அந்தப் பிளக்கைக் கழட்டினது நான்தான். வண்டிக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு பத்திரமா கட்டி வெச்சேன்.”

“நீங்களா அண்ணே? ஏன்?”

“டயாலிசிஸ் முடிஞ்சா உடம்பு துணி மாதிரி ஆயிடுதும்மா. இந்த வேகத்துல தலை சுத்துது, குமட்டுது. டீச்சர் ரெண்டு தடவை மயக்கமாயிட்டாங்க. நீ பாக்கலை.”

வேன்காரம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. அவமானத்தில் குரல் உயர்ந்தது.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ‘மெதுவாப் போம்மா’ன்னு சொல்றதுக்கு உங்க அஞ்சு பேர்ல ஒருத்தருக்குமா வாயில்லை?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஓசியில வர்றோமேம்மா, எந்த வாயால சொல்றது?”