பின்பக்கமாக மாட்டிய படம்

விளக்குப் பலகையில் எக்ஸ்ரே ஒளிர்கிறது. கட்டிலில் மூச்சுத் திணறும் ஓட்டுநருக்கு வலது நுரையீரல் சுருங்கிவிட்டதாக அது காட்டுகிறது. விலாவில் துளையிட்டு, நுரையீரலைச் சுற்றி அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். வலது விலாவில் நர்ஸ் மருந்து பூசியாயிற்று. கத்தியோடு டாக்டர் வழக்கம்போலக் கண்மூடுகிறார். "ஆண்டவரே, என் கையைப் பிடிச்சுக்கோங்க." "நீங்க ஆமென் சொல்றதுக்குள்ள இவரு அவர்கிட்டயே போயிடுவாரு டாக்டர்!" என்று நர்ஸ் பதறுகிறாள். டாக்டர் கண்ணைத் திறக்கிறார். படம் புதிதாகத் தெரிகிறது. எப்போதும் இடப்பக்கம் இருக்கும் இரைப்பையின் காற்றுக்குமிழ் வலப்பக்கம் நிற்கிறது. ஸ்டெதஸ்கோப்பை இடது மார்பில் வைக்கிறார். மூச்சுச் சத்தமே இல்லை. "படத்தைப் பின்பக்கமா மாட்டியிருக்கோம்மா! சுருங்கினது இடது!" நர்ஸின் கையிலிருந்து பஞ்சு நழுவுகிறது. கத்தி இடப்பக்கம் போகிறது. மருந்து பூசிய வலது விலா மட்டும், ஓட்டுநருக்கு மிச்சமிருக்கும் ஒரே மூச்சோடு, ஏறி இறங்குகிறது.