எத்தனை அங்குலம்?

மழைக்கு எங்கள் தாமுவே பேட்டையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். பெலிக்ஸ் தன் பிக்கப்பை என் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தான், கூடவே அவன் அம்மாவையும்.

"வண்டியை உசத்தணும், கோ சசி," என்றான்; பர்மியப் பேச்சில் 'கோ' என்றால் அண்ணன். "எத்தனை அங்குலம்னு அம்மா ஏறிப் பார்த்துத்தான் முடிவு."

வண்டி எத்தனை உயரம் வேண்டும் என்று பெற்ற தாயிடம் கேட்டவன் அதுவரை ஒருத்தனும் இல்லை, என்னையும் சேர்த்து.

ஜாக்கி வைத்து இரண்டு அங்குலம் தூக்கினேன். அம்மா ஏறிவிட்டார்.

"தண்ணிக்கு இதுவே போதும்," என்றேன்.

"இன்னும் தூக்குங்க," என்றான் பெலிக்ஸ்.

நாலு அங்குலத்துக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு ஏறினார். "ஞாயிறு பூசைக்குப் போகணுமே, ஏறாம முடியுமா?" என்று சிரித்தார்.

ஆறு அங்குலத்துக்கு மூன்று தடவை முயன்றார். முட்டி மடங்கவில்லை. நான் முக்காலியோடு ஓடினேன், பெலிக்ஸ் தடுத்துவிட்டான்.

"முடியலடா பெலிக்ஸு."

"அப்போ நாலே வச்சிடலாம்," என்றேன்.

பெலிக்ஸ் என்னை ஓரமாக இழுத்துப் போனான். "ஆறு போடுங்க. பூசைக்கு ஏன் கூட்டிட்டு வரலைன்னு இனிமே ஃபாதர் என்னைக் கேக்க முடியாது. முடியலன்னு அம்மாவே சொல்லிட்டாங்க, நீங்கதான் சாட்சி."

நான் முக்காலியைக் கீழே வைத்தேன்.

"நாளைக்கு வேலைக்கு வண்டியை இங்க விடுறேன். இப்போ ஜாக்கியை இறக்குங்க, அம்மா கடைசியா ஒரு தடவை ஏறிக்கட்டும்."